பருப்பு வேகாத வீடுகளின் அடியில் ஒரு கடல்

முப்பிடாதியம்மாளின் சுண்ணாம்புக்கல் 1936ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஓடிப்போனது. ஓடியதைக் கண்ணால் கண்டதாகத் தென்காசியில் மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேற்கே போனது என்றார் ஒருவர். இன்னொருவர் அது செங்கோட்டை ரயிலில் ஏறியதையே பார்த்தாராம். டிக்கெட் வாங்கியதா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆளைப் பற்றி நான் பேசமாட்டேன். அவர் எங்களுக்குச் சொந்தக்காரர்.

முடிவு நல்ல முடிவுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம்.

தென்காசியிலிருந்து ஆய்க்குடிப் பக்கம் போகும் பாதையில் ஒரு மேடு. அதில்தான் முப்பிடாதி கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாசல். பக்கத்தில் கல் எடுக்கும் குழி. நிலத்துக்குள் யாரோ செங்குத்தாகச் சுவர் எழுப்பி மண்ணைப் போட்டு மூடிவைத்த மாதிரி, அந்தக் குழியில் வெள்ளைக்கல் கிழக்கும் மேற்குமாக நின்றது. குழிக்குத் தெற்கே அவளுடைய பனைவிளை. விளையைத் தாண்டினால் அவள் கொழுந்தன் பிச்சையாவின் வீடு.

புருஷன் விஷக் காய்ச்சலில் போன பிறகு முப்பிடாதி பதினாறு நாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் அவனுடைய துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினாள். ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். அவள் குழிக்குள் நின்று "ஏலே, கல்லைப் பாத்து உருட்டுலே!" என்று கத்தினால் குற்றாலத்தில் குளிக்கிறவர்கள் சோப்பை நழுவவிடுவார்கள். கண்ணிமை முதல் கால்விரல் வரை சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக நடந்து வருவாள். ஊரில் பாதிச் சுவர் அவள் கொடுத்த வெள்ளைதான். மீதிப் பாதியை அவள் போகிறபோதும் வருகிறபோதும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆனியில் குழிக்குள் கடப்பாரை 'ணங்' என்று நின்றது. வெள்ளைக்கல் போய்க்கொண்டிருந்த வழியை மறித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கல். வெட்ட வெட்டப் பொறிதான் பறந்தது. சிவப்புக் கல்லை ஒட்டிக் கிடைத்த கடைசி வெள்ளைக் கற்களைக் காளவாசலில் அடுக்கித் தீ வைத்தார்கள்.

வெந்த சுண்ணாம்புக்கல் மேல் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சீறும், புகையும், வெடித்து மாவாகப் பூக்கும். அன்று குடம் குடமாக ஊற்றினார்கள். கல் நன்றாகக் குளித்துவிட்டுச் சும்மா இருந்தது.

செய்தி கேட்டுப் பிச்சையா வந்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன், பயத்தை எல்லாருக்கும் பங்குவைத்துக் கொடுப்பவன்.

"மைனி, நான் சொல்லுதேன்னு கோவப்படக் கூடாது. பொம்பளை காலடி பட்டா பூமியில உள்ளது நிக்காது. கல் ஓடிட்டு."

"எங்கன ஓடிட்டு?"

"அது கல்லுக்குத்தான் தெரியும்."

"இத்தனை வருசம் என் காலடி தெரியாம இருந்துதாக்கும்? செவிட்டுக் கல்லோ?"

"சிரிக்காதிய மைனி. இப்ப வெந்ததே, பூத்துதா? உயிர் இருந்தாத்தான பூக்கும். உயிர் ஓடிட்டு, கூடு கெடக்கு."

சொந்தக்காரர்கள் கூடினார்கள். வெற்றிலைத் தட்டு மூன்று தடவை காலியாகும்வரை யோசித்துவிட்டு முடிவு சொன்னார்கள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை சாஸ்தாவுக்குப் படைப்புப் போட்டு ஊருக்குச் சாப்பாடு போடுவது. அன்றோடு குழியும் காளவாசலும் பிச்சையா கைக்கு வந்துவிட வேண்டும். முப்பிடாதி அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அப்போது கல் தானாகத் திரும்பி வரும்.

"அதுக்குள்ள நான் கல்லைக் கண்டுபிடிச்சிட்டா?" என்றாள் முப்பிடாதி.

"கண்டுபிடிச்சிட்டா குழியும் காளவாசலும் ஒன் பாடு" என்றார் பெரியவர் ஒருவர், நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

"மைனிக்கு மூணு வேளைச் சோறும் என் வீட்டுல" என்றான் பிச்சையா. மனதாரத்தான் சொன்னான். முப்பிடாதியை விரட்டியதே அந்தச் சோறுதான். குழியில் பாறை சரிந்தபோதுகூட அவள் பயந்ததில்லை. அடுத்தவர் அடுப்படியில் ஓரமாக உட்கார்ந்து, ரசம் ஊற்றட்டுமா என்று யாராவது கேட்பதற்காகக் காத்திருப்பதை நினைத்துத்தான் பயந்தாள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கொடுக்க அவள் வழக்கமாகப் போகும் வீடு சைதூன் பீவியுடையது. குழிக்கு நேர் கிழக்கே இருந்தது. சைதூன் பீவியின் மகன் மசூது மதராசில் கல்லைப் பற்றிப் படித்துவிட்டு, வடக்கே எங்கோ மலை மலையாகப் போய்க் கல்லைத் தட்டிப் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தான். சாரலுக்கு ஊருக்கு வந்தவன் தினமும் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து, ஈரம் காயும்வரை முற்றத்தில் நிற்பான். முப்பிடாதி பூக்காத கல்லில் ஒன்றை மடியிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இதுக்கு என்ன சீக்கு?"

மசூது கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உம்மா, இங்க பாருங்க. வெள்ளையில பச்சைப் பொட்டு."

"பொட்டு வெச்ச பொண்ணு இருந்தா சொல்லுலே, பேசி முடிச்சிரலாம்" என்றாள் சைதூன் பீவி. "ஒனக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி வருசம் மூணாவுது. நீ கல்லைப் பாத்துக்கிட்டு நிக்க."

அவன் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து ஒரு சொட்டுத் திராவகத்தைக் கல் மேல் விட்டான். கல் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"சுண்ணாம்புக்கல்லா இருந்தா இது பட்ட ஒடனே பொங்கும்க்கா. இது வேற கல். உங்க கல் ஓடல. அது ஒரு கடல்."

"கடலா?" முப்பிடாதி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "குத்தாலத்துல தண்ணி விழுதது தெரியும். கடல் எப்ப வந்துது?"

மசூது உம்மாவின் வெற்றிலைச் செல்லத்தை இழுத்துவைத்து உட்கார்ந்தான். வெற்றிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். நடுவில் ஓர் இலையில் மட்டும் சுண்ணாம்பைத் தடவினான்.

"இந்த மலையெல்லாம் இல்லாத காலம்க்கா. கோடிக்கணக்கான வருசம் ஆச்சு. இங்கன பெரிய பள்ளம், அதுல கடல். மணல், வண்டல், சுண்ணாம்புச் சேறுன்னு ஒண்ணுமேல ஒண்ணா படிஞ்சுக்கிட்டே வந்துது. இந்த இலை மாதிரி. அப்புறம் ரெண்டு பக்கத்துலேருந்தும் பூமி நெருக்குச்சு." இரண்டு கையாலும் அடுக்கை நெருக்கினான். வெற்றிலைகள் நடுவில் எழும்பி, வளைந்து, மடிந்தன. "படுத்துக் கெடந்ததெல்லாம் எந்திரிச்சு நின்னுட்டு. ஆழத்துக்குள்ள போயி, சூட்டுல வெந்து கெட்டிக் கல்லாயிட்டு. நீங்க வெட்டுத வெள்ளைச் சுவரு இந்தச் சுண்ணாம்பு தடவின இலைதான்."

"அந்தச் செவப்பன்?"

மசூது ஒரு கிராம்பை எடுத்து, மடிந்த வெற்றிலையில் கீழிருந்து மேலாகக் குத்தினான். "இது. எல்லாம் மடிஞ்சு முடிஞ்ச பெறகு, பூமிக்கு அடியில உருகிக் கெடந்த பாறை விரிசல் வழியா மேல ஏறிச்சு. ஏறின எடத்துலயே ஆறி நின்னுட்டு. அது தொட்ட எடத்துல சுண்ணாம்புக்கல்லும் மணலும் கலந்து, வெந்து, வேற கல்லா மாறிட்டு. பாக்கத்தான் வெள்ளை. குணம் வேற. அதான் பூக்கல."

"கடலை மடிச்சு, கிராம்பும் குத்தியாச்சு" என்றாள் சைதூன் பீவி. "குடு, வாயில போடுதேன்."

முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் காலடி பட்டு ஓடலயா தம்பி?"

"உங்க காலடி எங்கக்கா பட்டுது? மனுசக் காலடியே இல்லாத காலத்துல நடந்தது."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் சுண்ணாம்பு போய்க் கறுப்பாகத் தெரிந்தது. "கடல் செஞ்ச வேலைக்கு என்னைப் புடிச்சு நிறுத்திவெச்சிருக்கானுவளே!" என்றாள். நெஞ்சில் இருந்த பாறையில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

பாதிதான். கல் வேண்டுமே.

"மடிஞ்ச இலையைப் பாருங்க" என்றான் மசூது. "சுண்ணாம்பு ஒரு எடத்தோட முடியல. திரும்பி வருது. உங்க கல்லும் சிவப்புக் கல்லைத் தாண்டி நேரா கெழக்கே போயிருக்கும், இல்லாட்டா வடக்கேயோ தெக்கேயோ திரும்பியிருக்கும். மேல மண்ணு மூடிட்டு. சுத்தி உள்ளதெல்லாம் உள்ளுக்குச் சுவர் கட்டுன கெணறு, உள்ள என்ன பாறைன்னு தெரியாது. ஒரு அடையாளம் உண்டு. சுண்ணாம்புக்கல் வழியா ஊறுத தண்ணி கடுந்தண்ணியா இருக்கும். சோப்பு நொரைக்காது."

"சோப்பை விடு. பருப்பு?"

"பருப்பு வேகாது."

முப்பிடாதி எழுந்துவிட்டாள்.

அன்று முதல் அந்தப் பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள். வாசலில் நின்று கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒங்க வீட்டுல பருப்பு வேகுதா?"

நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒருத்தி, "ஏன், எங்க மாமியா சொல்லிவிட்டாளா?" என்று அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, "எங்க வீட்டுப் பருப்பு அடுப்பைக் கண்டாலே வெந்துரும், ஒங்க கல்லுதான் வேகலைன்னு கேள்விப்பட்டேன்" என்று கதவைச் சாத்தினாள். பிச்சம்மாள் என்ற கிழவி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "வேகாது தாயீ. எம் மருமவ வள்ளித்தாயி கையில கோளாறுன்னு நாலு வருசமா வைதுக்கிட்டிருக்கேன்." அடுப்படியிலிருந்து வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள். காரணம் கையில் இல்லை, கிணற்றில் இருக்கிறது, அதற்கும் கீழே ஒரு கடல் இருக்கிறது என்று முப்பிடாதி சொன்னதும் அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாளாம். மாமியார் அன்றே சிற்றாற்றுத் தண்ணீருக்கு ஆள் வைத்தாள்.

முப்பிடாதி சொல்லச் சொல்ல, மசூது முற்றத்து மணலில் அடையாளம் வைத்தான். வெந்த வீட்டுக்குப் புளியங்கொட்டை, வேகாத வீட்டுக்கு வெள்ளைக்கல் சில்லு. சில்லுகள் மேற்கிலிருந்து ஒரே கோடாக வந்து அவள் குழியில் முட்டின. கிழக்கே சைதூன் பீவி வீட்டில் பருப்பு குழைந்தது, ஆகவே கல் நேராகப் போகவில்லை. வடக்கே இருந்தது கிணறே இல்லாத புஞ்சை. தெற்கே இருந்த ஒரே கிணறு பிச்சையா வீட்டுக் கிணறு.

பிச்சையாவின் பெண்சாதி உலகம்மாளிடம் கேட்கவே வேண்டியதில்லை. அவள் வைக்கிற பருப்பு அந்தத் தெருவுக்கே பேர்போனது. கல்யாணப் பேச்சு என்றால் அவள் வீட்டுப் பருப்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். இருந்தாலும் முப்பிடாதி கேட்டாள்.

"ஏட்டி உலகு, ஒங் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகுதா?"

"வெண்ணெய் மாதிரி யக்கா" என்றாள் உலகம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமல். "அது கைராசி."

அப்படியானால் தெற்கு இல்லை. வடக்குத்தான் என்றான் மசூது. புஞ்சையில் தோண்டினார்கள். இடுப்பளவு மண்ணுக்குக் கீழே கருங்கல். தள்ளித் தோண்டினார்கள். கருங்கல். அதற்கும் தள்ளி அதன் அண்ணன். சாரல் வேறு விடாமல் பெய்து குழிகளை நிரப்பியது. மசூதுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எனக்குப் புரியலைக்கா. பொஸ்தகப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொஸ்தகத்தைக் குழிக்குள்ள எறக்கு தம்பி. அதுவும் நனையட்டும்."

ஆடி முதல் வெள்ளி வந்தேவிட்டது.

பிச்சையா வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டு, சமையலுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தவசிப்பிள்ளையை வரவழைத்து, அண்டா அண்டாவாக ஏற்றியிருந்தார்கள். சாஸ்தாவுக்குப் படைப்பு முடிந்தது. ஊரார் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். முப்பிடாதி பந்தல்கால் ஓரமாக நின்றாள். சாப்பாடு முடிந்ததும் காளவாசலைப் பிச்சையாவிடம் ஒப்படைப்பதாக அவள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வரச்சொல்லியிருந்தார்கள்.

சோறு வந்தது. பருப்பு வரவில்லை. இலையில் சோறு ஆறியது. ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் இலையில் இருந்த உப்பைத் தின்று தீர்த்தார்.

அடுப்படியிலிருந்து தவசிப்பிள்ளையின் குரல் கேட்டது. "விடியக்காலம் போட்ட பருப்புய்யா! விறகு தீந்து போச்சு, என் மானமும் தீந்து போச்சு. இது துவரம்பருப்பா, துப்பாக்கிக் குண்டா?"

முப்பிடாதி போய் எட்டிப் பார்த்தாள். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருப்பு ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டது. தவசிப்பிள்ளை கரண்டியை ஓங்கி அடித்ததில் ஒரு பருப்பு தெறித்துப் போய், பந்தலில் கண்ணயர்ந்திருந்த தவில்காரரின் தவிலில் விழ, அவர் கச்சேரி தொடங்கிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தார் என்பார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். நாதஸ்வரம் மட்டும் தானாக ஒருமுறை ஊதியது.

"தண்ணி எங்க எடுத்திய?" என்றாள் முப்பிடாதி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இந்தா இந்தக் கெணத்துலதான். ஆத்துக்குப் போன்னு இந்த அம்மா காலையிலேருந்து உயிரை வாங்குது. இத்தனை அண்டாவுக்கு யாரு சுமக்கது?"

உலகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். முப்பிடாதி அவள் கையை விலக்கினாள்.

"ஏட்டி. நெசத்தைச் சொல்லு. வேகுமா, வேகாதா?"

"வேகாது யக்கா." உலகம்மாள் உடைந்துவிட்டாள். "இந்த வீட்டுக்கு வந்த அன்னைலேருந்து வேகல. குளிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆத்துலேருந்து ஒரு கொடம் ஒளிச்சுக் கொண்டாந்துதான் வெப்பேன். எல்லாரும் கைராசி, கைராசின்னாவ. இல்லைன்னு சொல்ல வாய் வரல. நீங்க கேட்டப்பகூட வரல. ஒங்களைக் கெடுத்திட்டேன் யக்கா."

முப்பிடாதி அவளை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். "வேகலைட்டி! வேகலை! நீ மவராசியா இருப்பே!"

பந்தலில் இருந்தவர்கள் இவளுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுந்தார்கள். வந்து உட்கார்ந்திருந்த மசூது மட்டும் புரிந்துகொண்டு, "தெக்கே! கல் தெக்கே திரும்பியிருக்கு!" என்று கத்திக்கொண்டு குப்பியை எடுக்க வீட்டுக்கு ஓடினான்.

முப்பிடாதி பந்தலுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. ஆத்துத் தண்ணி வந்து, புதுசாப் பருப்பு போட்டு, வெந்து எறக்கணும். அதுவரைக்கும் சும்மாத்தான இருக்கப் போறிய? ஆளுக்கொரு மம்பட்டி எடுங்க. எம் பனைவிளையில, செவப்புக் கல்லுக்கும் இந்தக் கெணத்துக்கும் நடுவுல தோண்டுங்க. கல் இல்லைன்னா காளவாசல் பிச்சையாவுக்கு. ஒரு சொல்லு சொல்லமாட்டேன்."

பசித்தவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கையில் மண்வெட்டியோடு நிறுத்தினால் நல்ல வேலை நடக்கும். பட்டு அங்கவஸ்திரத்தைப் பனையில் மாட்டிவிட்டு, முடிவு சொன்ன பெரியவர் உட்பட எல்லாரும் வெட்டினார்கள். உலகம்மாளும் பெண்களும் குடம் தூக்கிக்கொண்டு சிற்றாற்றுக்குப் போனார்கள். இந்தத் தடவை ஒளிக்காமல், வீதி வழியாக.

முழங்கால் ஆழத்துக்கு மண். தொடை ஆழத்துக்குச் சரளை. அடுத்த வெட்டைப் பிச்சையாதான் போட்டான். சத்தம் வேறு மாதிரி வந்தது. குனிந்து கையால் மண்ணைத் தள்ளினான். வெள்ளை.

எல்லாரும் மசூது வரும் வழியைப் பார்த்தார்கள். அதற்கு முன்னும் வெள்ளையைக் கண்டு ஏமாந்தவர்கள்தானே. முப்பிடாதி குழிக்குள் இறங்கவே இல்லை. பனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மசூது மூச்சிரைக்க ஓடிவந்து, மண்டியிட்டு, ஒரு சொட்டு விட்டான்.

கல் கோலிசோடா மாதிரிப் பொங்கியது.

"ஏ ஆத்தா!" என்றான் பிச்சையா. குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "மைனி, இங்க வாங்க. நீங்க எறங்கி நில்லுங்க. ஓடுதான்னு பாத்துருவோம்."

அவள் இறங்கினாள். வெறுங்காலை அந்த வெள்ளைமேல் அழுத்தி வைத்து நின்றாள். எல்லாரும் கல்லையே பார்த்தார்கள். கல் அசையவில்லை. பிச்சையாவின் முகத்தில்தான் என்னவோ இளகியது. அவனுக்கும் அது பெரிய ஆறுதல் என்று பிறகு உலகம்மாள் சொன்னாள். சாபம் பிடித்த காளவாசலை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று பாவம் அவன் தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறான்.

"பெரியவரே, என்ன சொல்லுதிய?" என்றாள் முப்பிடாதி.

மண் அப்பிய கையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒன் பாடுன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே தாயீ. முதல்ல பருப்பை ஊத்தச் சொல்லு."

அன்று பருப்பு குழைந்து வந்தது. சாயங்காலம் வரை சாப்பிட்டார்கள்.

புதுக் குழியின் முதல் கல்லை வேகவைத்து எடுத்த அன்று, தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிச்சையா கேட்டு வாங்கிக்கொண்டான். ஊற்றிவிட்டுப் பின்னால் குதித்தான். கல் சீறி, வெடித்து, ஆவி பறக்கப் பூத்துச் சரிந்தது. முப்பிடாதி பூத்த குவியலின் சூட்டைக் கொஞ்ச நேரம் கையைக் காட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு பனையடியில் சாய்ந்தாள். அங்கேயே தூங்கிவிட்டாள். அந்தக் குறட்டை பண்பொழி வரைக்கும் கேட்டது. பட்டப்பகலில் இடி என்று நெல் காயப்போட்டவர்கள் அள்ளி உள்ளே வைத்தார்கள்.

உலகம்மாள்தான் ஒரு பாயைக் கொண்டுவந்து வெயில் படாமல் சாய்த்துவைத்துவிட்டு, "எழுப்பாதிய, யக்கா தூங்கட்டும்" என்று எல்லாரையும் விரட்டினாள்.